பங்கு வடமும் கூலி வடமும்

1

சென்ற வாரத் தபாலில் நம்மூர்ப் பத்திரிகை ஒன்று வந்தது. சென்னையிலிருந்து இங்கே சுற்றுப்பயணம் வந்துபோன பெரியவர் ஒருவர், மலாய் நாட்டில் தாம் கண்டதை அதில் எழுதியிருக்கிறார். கோலாலம்பூர் வருகிறது, பத்துமலைக் குகை வருகிறது, ரப்பர்த் தோட்டங்கள் வருகின்றன. பிறகு, கிள்ளான் ஆற்றில் நிற்கும் எங்கள் தோணியைப் பற்றி ஒரு பத்தி. பல சாதித் தமிழரும் பங்கு போட்டுப் பழுது பார்த்த பழைய பாய்மரத் தோணியாம். கடைநிலைச் சாதிப் பெண்ணொருத்தி அதில் ஏறினாளாம். தலைவர் புன்னகையோடு அவளை "வாங்கம்மா" என்று அழைத்தாராம். இதையெல்லாம் தாம் கண்ணாரக் கண்டதாக எழுதிவிட்டு, கப்பலேறிய தமிழன் சாதியைக் கடலில் போட்டுவிட்டான் என்று முடிக்கிறார்.

படித்ததும் பத்திரிகையைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே எழுந்துபோய் எடுத்துவந்து நீவி வைத்தேன். அது என் அறைத்தோழன் சந்தா கட்டி வரவழைப்பது.

பெரியவர் பொய் எழுதவில்லை. அந்தப் பெண் ஏறியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு முன்னால் நடந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் பார்க்க அவர் அங்கே இல்லை. ஊரிலிருந்து அடுத்த கப்பலுக்குத் துணிமூட்டை கட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பத்தியை நம்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2

நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். என் அப்பா இங்கே ரயில் பாதை போட மண் வெட்ட வந்தவர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. ஊரில் படிப்பை முடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். இப்போது சரக்குக் கொட்டகையில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் எல்லாருக்கும் நான் "கிராணி தம்பி".

லயம் என்றால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கட்டிய துரை எல்லா வரிசையையும் ஒரே அளவாகத்தான் கட்டினார். குடிவந்த நாம்தான் முன் லயம், நடு லயம், கடைசி லயம் என்று பிரித்துக்கொண்டோம். ஊரில் சேரியில் இருந்தவர்கள் கடைசி லயத்துக்குப் போனார்கள். யார் போகச் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாய் கூட அவர்களுக்குத் தனி.

என் அக்கா பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒன்று இரண்டு வராது; சாத்து, டுவா என்று மலாயில்தான் எண்ணுகிறார்கள். சோறு வேண்டுமென்றால் "நாசி" என்கிறார்கள். தமிழ் போகிறதே என்று அக்கா கண்ணீர் விடுகிறாள். ஆனால் எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அதை மட்டும் மறக்கவில்லை.

3

தோணியைக் காட்டியவர் காசிம் நானா. எங்கள் கரையோர முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவர் ஓடாவி, தோணி கட்டும் தச்சர். கிள்ளானில் ஆற்றோரச் சேற்றில் பல வருஷமாகச் சாய்ந்து கிடந்த அந்தத் தோணி, பழைய நாளில் நாகப்பட்டினத்திலிருந்து பாய் விரித்து வந்ததாம். அரிசி வியாபாரியான அதன் சொந்தக்காரர் காலமாகிவிட்டார். வாரிசுகள் விறகுக்கு விற்கப் பார்த்தார்கள்.

"இதையா தம்பி விறகாக்குறது? ஏரா இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்று அடிமரத்தைத் தட்டிக் காட்டினார் நானா. "பக்கப் பலகை பாதி மாத்தணும். பாய் புதுசு வேணும். அப்புறம் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சரக்கு ஏத்திப் போனா சோத்துக்குப் பஞ்சமில்லை. ஆனா ஒத்தை ஆளால முடியற காரியமில்லை."

எங்கள் ஊரில் எந்தத் தோணியும் ஒற்றை ஆளுடையதல்ல. பலர் பங்கு போட்டுக் கட்டுவார்கள். வரும்படியைப் பங்குப்படி பிரிப்பார்கள். அதே முறையில் இதை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலையிலிருந்தே லயம் லயமாக ஏறி இறங்கினேன். நாம் நடும் ரப்பர் மரம் நம்முடையதல்ல, நாம் போடும் ரயில் பாதை நம்முடையதல்ல, இந்த நாட்டில் நம்முடையது என்று சொல்ல ஒரு கட்டையாவது வேண்டாமா என்று கேட்டேன். பெரும் பங்கு எடுக்க முன்வந்தவர் கண்ட்ராக்டர் வைத்தியலிங்கம். ரயில்வேக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர், கடைத்தெருவில் சொந்தக் கடை உள்ளவர். தம்மைத் தலைவராகப் போட வேண்டும் என்றார். போட்டோம்.

கடைசி லயத்தில் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள் அஞ்சலை. ரயில்வே பட்டறையில் நிலக்கரிச் சாம்பல் அள்ளுகிறவள். அவள் கணவன் மாரி, கள்ளுக்கடைக்கு வெளியே பார்த்தால் நல்ல மனிதன். ஆகையால் பங்கு அவள் பெயரில்தான் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது.

"ஏன் தம்பி, தோணியில என் பங்கு எந்தப் பக்கம்? முன்னாடியா, பின்னாடியா?"

"அப்படிப் பிரிக்க முடியாதுக்கா. ஒவ்வொரு பலகையிலயும் உங்களுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம், கண்ட்ராக்டருக்குக் கொஞ்சம்."

"அப்ப அவரு உக்காந்தா என் பலகை மேலயுந்தான் உக்காருவாரு?"

"ஆமா."

"பாத்து உக்காரச் சொல்லு. ஆளு கனம்."

லயமே சிரித்தது. கடைசி லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அன்றே பங்கு எடுத்தன. பங்கென்றால் பங்குதான், யார் எடுத்தாலும் ஒன்றுதான் என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னவன் நான்.

4

சேர்ந்த பணத்தில் வாரிசுகளிடமிருந்து தோணியை வாங்கிக்கொண்டு, அதற்கு உரிமம் வாங்கத் துறைமுக ஆபீசுக்குப் போனோம். வாசலில் இருந்த மலாய்ப் பியூன், இது யாருடைய தோணி என்று கேட்டான். நானாவுக்கு மலாய் நன்றாக வரும். "செமுவா ஓராங் பூஞ்ஞா" என்றார். எல்லாருடையதும் என்று அர்த்தம். பியூன் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லாருடையதும் என்றால் அது கடல்தான், தோணியல்ல என்றான். உள்ளே இருந்த குமாஸ்தாவோ சிரிக்கக்கூட இல்லை. காகிதத்தில் சொந்தக்காரர் பெயர் எழுத ஒரு கோடுதான் போட்டிருக்கிறது, ஒரு பெயர் சொல்லு என்றார்.

"எம் பேரைப் போடு தம்பி. எழுத்துக்குத்தானே?" என்றார் கண்ட்ராக்டர்.

எழுத்துக்குத்தான் என்று நாங்களும் நினைத்தோம்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். ஞாயிறு என்றால் கண்ட்ராக்டரின் நண்பர்களுக்குக் கை வலி, கால் வலி. தவறாமல் வந்தவர்கள் கடைசி லயத்துக்காரர்கள். தோணியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை நானா திணிக்கத் திணிக்க, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள். அஞ்சலையின் கை படாத பலகை அந்தத் தோணியில் ஒன்றுகூட இல்லை. அப்போதெல்லாம் தீட்டு என்ற சொல்லை யாராவது சொன்னார்களா? மூச்சு விடவில்லை. வேலை முடியும்வரை அந்தச் சொல் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

5

எங்கள் கரையில் தோணியைத் தண்ணீரில் இறக்கும்போது முன்பக்கம் இரண்டு வடம் கட்டுவார்கள். வலப்பக்கம் பங்கு வடம். அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பங்காளிகள் மட்டும் பிடிப்பார்கள். பங்காளி பணக்காரனோ ஏழையோ, அன்று அவன் கை அந்த வடத்தில் பட வேண்டும். பட்டால்தான் தோணி அவனுடையது. இடப்பக்கம் கூலி வடம். அதைக் கூலிக்கு வந்தவர்கள் பிடிப்பார்கள். உண்மையில் தோணியை இழுப்பது கூலி வடந்தான். பங்கு வடத்தில் பாதிப் பேர் கை சும்மா ஒட்டியிருக்கும். எங்கள் ஊரில் சேரி ஆட்கள் இடப்பக்கத்து வடத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக இழுத்தார்கள். அவர்கள் இழுத்ததால் எந்தத் தோணியும் தீட்டாகவில்லை. அவர்களுக்குப் பங்கு இல்லை. ஆகவே தீட்டும் இல்லை.

இறக்குவதற்கு முன்தினம் கண்ட்ராக்டர் கடையில் கமிட்டி கூடியது. நான் காரியதரிசி. பங்கு வடத்தில் யார் யார் நிற்பது என்று பேச்சு வந்தது.

"கடைசி லயத்து ஆளுங்க கூலி வடத்தைப் பிடிக்கட்டும்" என்றார் கண்ட்ராக்டர்.

"அவங்க பங்காளிங்க ஐயா."

"யாரு இல்லேன்னா? லாபம் வரும்போது வாசல்ல வந்து வாங்கிட்டுப் போகட்டும். பங்கு வடம் பூஜை போட்ட வடம். அதுல அவங்களும் நாமளும் ஒண்ணா நின்னா ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க? நாளைக்குக் கூலியும் சேத்துப் போட்டுத் தர்றேன். அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டமில்லைன்னா நீங்க அந்த வடத்தைப் பிடிங்க ஐயா. உங்களுக்கும் கூலி போட்டுக்குங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். கண்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

"நாலு எழுத்துப் படிச்சா நாக்கு நீளும்னு தெரியும். இவ்வளவு நீளும்னு தெரியாமப் போச்சு. உங்கப்பன் என்கிட்ட மண்ணு வெட்டினவன்டா. அதை மறந்துடாதே."

நான் மறக்கவில்லை. என் அப்பாவின் பக்கத்தில் நின்று அதே மண்ணை வெட்டியவர்கள்தான் கடைசி லயத்துக்காரர்கள் என்பதையும் மறக்கவில்லை. அதைச் சொல்வதற்குள் கமிட்டி கை தூக்கி முடித்துவிட்டது. எனக்கெதிராக எல்லாக் கையும். நடு லயத்து ஆட்களின் கையும்.

அஞ்சலையிடம் நானே போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"ஒவ்வொரு பலகையிலயும் எனக்குக் கொஞ்சம் இருக்குன்னு சொன்னியே தம்பி."

"இருக்குக்கா."

"அப்ப அதை மட்டும் தனியாச் செதுக்கி எடுத்துக் குடுத்துடச் சொல்லு. மிச்சத்தை அவரு சுத்தமா இறக்கிக்கட்டும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கூலி வடத்தைப் புடிச்சா நான் நாளைக்குக் கூலிக்காரி, என்னிக்கும் கூலிக்காரி. அதுக்குத்தான் நம்ம ஊரு இருக்கே. கடல் தாண்டி எதுக்கு வரணும்?"

6

மறுநாள் பௌர்ணமி வெள்ளம், கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறும் நாள். கிள்ளான் ஆறு கரையில் ஏறி நிற்கும் நேரம் கொஞ்சந்தான். அதற்குள் தோணி தண்ணீரைத் தொட வேண்டும். உருளைக் கட்டைகளுக்கு நானா மீன் எண்ணெய் தடவி வைத்திருந்தார். பங்கு வடத்துக்குச் சாமந்தி மாலை. கண்ட்ராக்டர் பட்டு அங்கவஸ்திரத்தோடு முன்னால் நின்றார். காரியதரிசி என்பதால் எனக்கு அவருக்குப் பின்னால் இடம்.

கடைசி லயத்துக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குளித்து, திருநீறு பூசி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு கரைமேட்டில் வரிசையாக நின்றார்கள். கூலி வடம் சேற்றில் கிடந்தது. ஒருவரும் குனியவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வடத்தை எடுங்க!" என்று கத்தினார் கண்ட்ராக்டர்.

"எந்த வடத்தை?" என்றாள் அஞ்சலை.

அவர் "ஐலசா" என்று எங்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். இழுத்தோம். கடைக்காரர்களும் கிராணிகளும் எவ்வளவு இழுப்போம்? தோணி முனகியது, அசையவில்லை. நடு லயத்து ஆட்கள் மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளம் நின்றுவிட்டது என்று நானா ஆற்றைப் பார்த்துச் சொன்னார். நான் வடத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு நடந்தேன்.

"எங்கடா போறே?"

"அவங்க கை படாத வடத்துல என் கையும் வேண்டாம் ஐயா."

கண்ட்ராக்டர் கூலியை இரட்டிப்பாகத் தருகிறேன் என்று மேட்டைப் பார்த்துக் கூவினார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சமாதானம். மாரி அன்று ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அவன்தான் பதில் சொன்னான். "கூலிக்கு வர்றதுன்னா சட்டையைக் கழட்டிட்டு வந்திருப்போம் சாமி. நாங்க தோணி இறக்க வந்தோம்."

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "நீங்களும் வந்து இதைப் பிடியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோணி மிதந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொல்வதைவிட அதைச் சேற்றிலேயே விட்டுவிடுவது மேல் என்று ஒரு பெரிய மனிதருக்குத் தோன்றியது. பூஜை போட்ட மாலை சேற்றில் புரண்டது. சாதியைக் கடலில் போட்டுவிட்டோமாம்!

அடுத்த பெருவெள்ளத்துக்குக் கண்ட்ராக்டர் ஒரு மரப்பட்டறையின் நீராவி யந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து, இரும்புக் கயிற்றால் இழுத்துத் தோணியை இறக்கினார். அன்று யார் கையும் எந்த வடத்திலும் படவில்லை. யந்திரம் ஓட்டிய சீனரிடம் அவர் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. தளத்தில் ஒரு சாமிப் படத்தை மாட்டி விளக்கேற்றினார்கள். அதைக் காட்டிக் கடைசி லயத்துக்காரர்கள் ஏறக் கூடாது என்றார்கள். உரிமக் காகிதத்தில் இருந்தது கண்ட்ராக்டர் பெயர் ஒன்றுதான்; யாரிடம் போய்க் கேட்பது? கமிட்டியிலிருந்து என் பெயரை அடித்தார்கள். அஞ்சலையிடம் ஆள் அனுப்பி, பங்கை நல்ல விலைக்கு விற்றுவிடு என்று கேட்டார்கள்.

"விக்க மாட்டேன்னு சொல்லு. கனம் தெரியட்டும்" என்று சொல்லியனுப்பினாள்.

7

இப்படி ஓராண்டு போனது. அப்போதுதான் சென்னைப் பெரியவர் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் அவருக்குக் கூட்டம் போட்டார்கள். மேடையில், ஆபீஸ் துரைகள் முன்னிலையில், கண்ட்ராக்டர் எங்கள் தோணியைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். எல்லாச் சாதியாரும் இதில் பங்காளிகள் என்றார். பெரியவர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். அந்தப் பங்காளிகளையெல்லாம் நாளைக்குத் தோணியிலேயே சந்திக்க வேண்டும் என்றார். கண்ட்ராக்டர்தான் முதலில் கை தட்டினார். வேறு என்ன செய்வார்? நான் கூட்டம் கலையும்வரை நிற்கவில்லை. நேரே கடைசி லயத்துக்குப் போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலை ரயிலில் எல்லாரும் கிள்ளானுக்கு வந்து ஆற்றங்கரையில் நின்றார்கள். கண்ட்ராக்டர் அவர்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார். பெரியவர் தளத்தில் நின்று, "இவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள்? பங்காளிகள்தானே, கூப்பிடுங்கள்" என்றார்.

கண்ட்ராக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பத்திரிகையில் புன்னகை என்று போட்டிருக்கிறது. "வாங்கம்மா, வாங்க" என்றார்.

காசிம் நானா ஏறு பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை ஏறினாள். பின்னாலேயே மாரி, மற்றவர்கள், நான். அவள் முன்முனையிலிருந்து பின்முனைவரை மெதுவாக நடந்தாள். தான் குங்கிலியம் பூசிய இடங்களை ஒவ்வொன்றாகக் கால் விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்துத்தான் உக்காந்திருக்கேன் தம்பி" என்றாள் என்னிடம்.

பெரியவர் கண் கலங்கியதாக எழுதியிருக்கிறார். உண்மைதான். கலங்கினார். தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். நாங்கள் இறங்கிக் கரையில், நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பிரித்தோம்.

சடக்கு என்று இங்கே சொல்லும் ரோட்டு வளைவில் கார் திரும்பியிருக்காது. கண்ட்ராக்டரின் கடை ஆட்கள் இரண்டு பேர் வாளிகளோடு தோணியில் ஏறினார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீர். அதை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தளத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்கள், எங்கள் கண்முன்னாலேயே. கண்ட்ராக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். மஞ்சள் தண்ணீர் பக்கப் பலகை வழியாக ஆற்றில் வழிந்தது.

நான் எழுந்துவிட்டேன். அந்த வாளியைப் பிடுங்கி அவர் பட்டு அங்கவஸ்திரத்தின்மேல் கவிழ்க்கத்தான் எழுந்தேன். அஞ்சலை என் வேட்டி முனையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காரு. மரத்தோணிக்குத் தண்ணி ஊத்தினா நல்லதுதானே நானா?"

"நல்லதுதாம்மா. வெயில்ல பலகை வெடிக்காது" என்றார் காசிம் நானா. அவர் சிரிக்கவில்லை.

அவளைப்போல் இருக்க எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். அவள் வாயிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டு, வாயோரத்தில் கையைக் குவித்துக்கொண்டு, தோணியைப் பார்த்து உரக்கக் கூவினாள்:

"ஏய், பின்பக்கம் மூலையில ஊத்தலை பாரு! அங்கயும் எனக்குப் பங்கு இருக்கு. நல்லாத் தேய்ங்கப்பா!"